செய்முறை திருப்தியாக அமையாதோர்

நாகமலைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் துறைக் கட்டடத்துக்கு மட்டும் தனி வானிலை. வெளியே ஓணான்கூட நிழல் தேடி மூச்சு வாங்கும் வெயிலில், உள்ளே எம்.பி.ஏ. மாணவர்கள் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பார்கள். ஏசி அப்படி. அந்த ஏசியையும் தோற்கடிக்கும் குளிர்ச்சி ஒன்று அங்கே உண்டென்றால், அது இளங்கலை மாணவர்களைப் பேராசிரியர் கிளமெண்ட் பார்க்கும் பார்வை. அது பட்டால் கொதிக்கிற டீ ஆடை கட்டிவிடும்.

திருவாதவூர் தமிழ்வாணி நாலு மாதமாக அந்தப் பார்வைக்குள்தான் குடியிருந்தாள்.

அவள் படித்தது பி.ஏ. பொருளாதாரம், கடைசி வருடம். துணைவேந்தர் அலுவலகத்தில் யாரோ ஒருவர், மத்தியானச் சாப்பாடு சரியாகச் செரிக்காத நேரத்தில் ஒரு திட்டம் போட்டுவிட்டார்: இளங்கலை கடைசி வருடத்துப் பிள்ளைகள் விரும்பினால் ஒரு பாடத்தை எம்.பி.ஏ. வகுப்பிலேயே உட்கார்ந்து படிக்கலாம், நாலு கிரெடிட். ஆணை வந்த அன்றைக்குக் கிளமெண்ட் சார் ஆடிய ஆட்டத்தில் கட்டடத்தின் கண்ணாடிகள் அதிர்ந்ததாகக் கேன்டீனில் சொல்வார்கள். "என் டிபார்ட்மென்ட்டுக்குள்ள ஆட்டு மந்தைய ஓட்டி விடுறாங்களா?" என்று கேட்டாராம். அந்த வாய்க்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்தக் கதை.

அவர் நடத்திய பாடத்தின் பெயர் 'நெகோஷியேஷன்'. பேரம் பேசும் கலை. இரண்டு தரப்பும் ஜெயிக்க வேண்டும் என்று முதல் நாளே பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு, ஒரு தரப்பைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

"யூஜி எல்லாம் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கத்தில் கேன்டீனிலிருந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. எம்.பி.ஏ.காரர்களுக்குச் சுழலும் மெத்தை நாற்காலி. இவர்களுக்குக் கால் ஆடும் நாற்காலி. மேலே ஏசி ஒழுகும். தூண் மறைப்பதால் பலகையில் பாதி தெரியாது. நாலு மாதத்தில் தமிழ்வாணி எல்லா வாக்கியத்திலும் இடது பாதியைத்தான் படித்திருந்தாள்.

வகுப்புப் பிரதிநிதி ஸ்டீவ் என்று ஒருவன். ஆறடி உயரம், அதில் மூன்றடி தலைமுடி. அவன்தான் இவர்களுக்குப் பெயர் வைத்தவன்.

"வார இதழோட ஷாம்பு பாக்கெட்டு ஒட்டித் தருவான்ல மாப்ள, இலவச இணைப்புன்னு? அதான் இவுக. பிச்சுத் தூரப் போட்டுட்டுத்தான் புஸ்தகத்தப் படிக்கணும்."

அன்றிலிருந்து 'இலவச இணைப்பு'தான். வருகைப் பதிவில்கூடச் சார் அவர்களைக் கடைசியாக, பெயர் சொல்லாமல், "சப்ளிமென்ட்ஸ்?" என்று கூப்பிடுவார். தமிழ்வாணி ஒரு சந்தேகம் கேட்டால், அவர் சுவர்க் கடிகாரத்துக்குப் பதில் சொல்வார். சேரும்போது ஒரு வரிசை நிறைய இருந்தார்கள். ஒருத்தன் சளி பிடித்து ஓடினான். ஒருத்தி அழுது ஓடினாள். மற்றவர்கள் அழாமலே ஓடினார்கள். மிஞ்சியது தமிழ்வாணியும், பக்கத்து நாற்காலி ஆன்சியும். ஆன்சியின் அம்மா மிஷன் பள்ளிக்கூட டீச்சர். திட்டு வாங்குவதில் பிறவிப் பயிற்சி உள்ள பிள்ளை.

"நம்மளும் எழுதிக் குடுத்துட்டுப் போயிருவமாடி?" என்று ஆன்சி கேட்டாள்.

"போயி? பாடம் மாத்துற தேதி எப்பவோ முடிஞ்சுருச்சு. இங்க தூக்கிட்டா நாலு கிரெடிட்டு போச்சு. மே மாசம் எல்லாரும் டிகிரி வாங்குவாக, நம்ம ரெண்டு பேரும் வாசல்ல நின்னு மோரு ஊத்தணும்."

விஷயம் அவ்வளவுதான். கிளமெண்ட் சாருக்கு அந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் காலியாக வேண்டும். தமிழ்வாணிக்கு அதில் உட்கார்ந்தே தீர வேண்டும்.

பருவம் முடியும் சமயத்தில் சார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஆணையின் ஏதோ ஒரு மூலையில், 'துறை நடத்தும் பிராக்டிகலில் தேறாத இளங்கலை மாணவரை நீக்கலாம்' என்று ஒரு வரி. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. பிராக்டிகல் இப்படி: ஒவ்வொருவரும் எதிர்த் தரப்பு ஒன்றை அழைத்து வந்து, மேடையில் பேரம் பேசிக் காட்ட வேண்டும். சுற்றறிக்கை பெற்றோருக்கும் போக வேண்டும். பெற்றோருக்குப் போவது தமிழில் இருக்க வேண்டும் என்பது புது விதி.

அங்கேதான் சறுக்கினார் மனிதர். பள்ளிக்கூடத்தில் தமிழைத் தள்ளிவிட்டுப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர். வீட்டில் தமிழ் பேசுவார். எழுதச் சொன்னால் 'ழ'வுக்குச் சுழி எந்தப் பக்கம் என்று வியர்த்துவிடும். இங்கிலீஷில் எழுதி, செல்போனிடம் கொடுத்து, அது துப்பியதை அப்படியே அனுப்பிவிட்டார்:

'இளங்கலை மாணவர்களுக்கான செய்முறை வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் துறை அரங்கில் நடைபெறும். உரிய தரப்பினருடன் தவறாது வரவும். செய்முறை திருப்தியாக அமையாதோர் நீக்கப்படுவர்.'

செல்போனைக் குறை சொல்ல முடியாது. பாடப் புத்தகத்தில் பிராக்டிகலுக்குச் செய்முறை என்றுதான் பெயர். ஆனால் பாடப் புத்தகத்துக்கு வெளியே, மேலூரிலிருந்து திருமங்கலம் வரைக்கும், செய்முறை என்றால் வேறு. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் உறவுக்காரர்கள் தட்டு வரிசையும் மேளமுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்து இறக்குவார்கள் பாருங்கள், அது. வாங்கியவர் அடுத்த விசேஷத்துக்கு ஒரு படி கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் முடிந்தது. அப்புறம் இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் ஏறாது.

திருவாதவூரில் தமிழ்வாணியின் அப்பா கண்ணுச்சாமி, வயலிலிருந்து வந்த கையோடு செல்போனை எட்டப் பிடித்து இதை உரக்கப் படித்தார். அம்மா ஒச்சாயி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"திருப்தியா அமையலன்னா நீக்கிருவாகளாமா?"

"அப்படித்தேன் போட்டுருக்கு."

"அப்ப இம்புட்டு நாளும் நம்ம ஒண்ணுமே செய்யலன்னுதேன் புள்ளையப் பின்னாடி உக்கார வச்சிருக்காக! மொகரையில அடிச்ச மாதிரி எழுதுற வரைக்குமா விட்டுட்டு இருந்தோம்? கூப்புடுய்யா எந்தம்பிய!"

தம்பி கருப்பு தாய்மாமன். குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். அக்கா கூப்பிட்ட குரலில் பாதி வழியில் ஏற்றிய தக்காளியைக்கூட இறக்காமல் வந்து நின்றான்.

மகளுக்குப் போன் போட்டபோது ஒச்சாயி சொன்னது ஒரே ஒரு வரி: "வெள்ளிக்கெழம வாரோம்டி, நீ ஒண்ணும் பேசாத." விடுதிக்கு முறுக்கு கொண்டுவருகிறார்கள் போல என்று தமிழ்வாணி நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. எம்.பி.ஏ. கூட்டம் மொத்தமும் கோட்டு போட்டுக்கொண்டு, கோழிச் சண்டை பார்க்க வந்த உற்சாகத்தோடு உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து மதிப்பெண் போட, கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி தயாரிக்கும் மரியராஜ் வந்திருந்தார். மதுரை மண்ணின் பெரிய மனிதர். அவர் உட்கார்ந்த பிறகு சோபாவைக் காணவில்லை.

ஆன்சி எதிர்த் தரப்பாக, திட்டுவதில் பிஎச்.டி. வாங்கிய அவள் அம்மாவையே அழைத்து வந்திருந்தாள். அந்தம்மாள் பேரம் பேசிய வேகத்தில் சாரே எழுந்து நின்றுவிட்டார். ஆன்சிக்குத் தேர்ச்சி.

தமிழ்வாணியின் எதிர்த் தரப்பாக வர ஒப்புக்கொண்டிருந்தவன் அவள் வகுப்பு முத்துக்குமரன். அவனை ஸ்டீவ் வாசலிலேயே மறித்து, "உள்ள கோட்டு இல்லாம விட மாட்டாங்க தம்பி" என்று அனுப்பி வைத்திருந்தான்.

"எங்க ஒன் எதிர்த் தரப்பு?" என்றார் கிளமெண்ட்.

"வந்தான் சார். வாசல்ல..."

"வாசல்ல நெறைய பேரு இருப்பாங்க. நாய்கூட இருக்கும். மேடையில யாரு?"

அரங்கம் சிரித்தது. "நான் ஆன்சியோட பேசிக் காட்டுறேன் சார்."

"அவ முடிச்சிட்டா. இலவச இணைப்புக்கு ஒரு இலவச இணைப்பா?" இப்போது சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது. கிளமெண்ட் சார் பேனாவின் மூடியைக் கழற்றினார். சிவப்பு மை. அந்த மூடியைக் கழற்ற அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு போகம் நெல் விளைந்துவிடும்; அவ்வளவு ரசித்துக் கழற்றினார். தமிழ்வாணிக்கு மே மாதமும் மோர்ப் பானையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

அப்போதுதான் கேட்டது.

முதலில் இடி என்று நினைத்தார்கள். இடி தாளம் போடாது. ஸ்டீவ் ஜன்னல் திரையை விலக்கினான். "சார்... யாரோ நையாண்டி மேளத்தோட வர்றாங்க சார்."

"சாமி ஊர்வலமா இருக்கும். ஜன்னலை மூடு."

"இல்ல சார். நம்ம படியில ஏறுறாங்க."

கதவு திறந்தது. மேளம் உள்ளே வந்தது. ஏசி அறையில் நையாண்டி மேளம் அடித்தால் என்ன ஆகும் என்று யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை, அன்றைக்குத் தெரிந்தது. அரங்கத்திலும் ஒழுகிக்கொண்டிருந்த ஏசி பயந்து ஒழுகுவதை நிறுத்தியது. பின்னாலேயே தட்டுகள்: வாழைப்பழம், ஆப்பிள், தேங்காய், கல்கண்டு, சாருக்குப் பட்டுவேட்டி, சார் சம்சாரத்துக்குப் பட்டுப்புடவை, ஒரு ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற பித்தளை அண்டா. திருவாதவூரில் பாதி சனம் வந்திருந்தது. மீதிப் பாதி வண்டியில் இடம் இல்லாமல் நின்றுவிட்டது. கடைசியில், கழுத்தில் சாமந்தி மாலையோடு, ஒரு கிடா. அதன் கயிறு கருப்பு மாமன் கையில்.

தமிழ்வாணிக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. தரையில் டைல்ஸ் ஒட்டியிருந்ததால் பிளக்கவில்லை.

"யாரு இங்க கிளமெண்டு?" என்றாள் ஒச்சாயி.

சார் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். நில்லுங்கள், போங்கள் என்பதற்கான கை அது. ஆனால் நம் பக்கத்தில் விசேஷ வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரே ஓடி வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஒச்சாயி பெரிய தட்டை அந்தக் கைகளில் வைத்தாள். நெற்றியில் சந்தனத்தை அப்பினாள். கருப்பு தோளில் துண்டைப் போர்த்தினான். பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போய்த் திடுமென நின்றது. முடிந்தது. முறைப்படி வாங்கியாகிவிட்டது.

அந்த அமைதியில் ஸ்டீவின் குரல் தெளிவாகக் கேட்டது. "சார், பரீட்சை நடக்கையில கிஃப்ட் வாங்குறீங்க. இது லஞ்சம் சார்! நான் வீடியோ எடுத்துட்டேன்!" தமிழ்வாணியை மாட்டிவிட்டதாக அவனுக்கு அவ்வளவு பெருமிதம். யாரை மாட்டிவிட்டோம் என்பது புத்திக்கு எட்டவில்லை.

கிளமெண்ட் சாருக்கு எட்டியது. சந்தனத்தைத் தவிர முகத்தில் எல்லா நிறமும் போய்விட்டது. "இதெல்லாம் எடுத்துட்டுப் போங்க! எனக்கு எதுவும் வேணாம்! அவுட்!"

"என்னது?" என்றான் கருப்பு. மெதுவாகத்தான் கேட்டான். மேளக்காரர்கள் குச்சிகளை இறுக்கிப் பிடித்தார்கள்.

"திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்றாரு மாமா" என்றது தமிழ்வாணியின் வாய், அவளைக் கேட்காமலே.

"ஏன் சார், எழுதி வரச் சொல்லிட்டு, சபையில வச்சு வாங்கிட்டு, திருப்பித் தருவீகளோ? நாங்க என்ன தெருவுல போறவுகளா?" என்றான் கருப்பு.

சோபாவிலிருந்து மரியராஜ் எழுந்தார். "கிளமெண்ட் சார், இந்தத் தப்ப மட்டும் பண்ணிராதீக. எங்க பெரியப்பா ஒரு அண்டாவத் திருப்பி அனுப்புனாரு. முப்பது வருசமா அந்த ஊரு வழியா எங்க வாளி வண்டி போக முடியல, சுத்தித்தேன் போகுது."

"வச்சுக்கிட்டா லஞ்சம் சார்!" என்றான் ஸ்டீவ், இன்னும் உதவி செய்கிற நினைப்பில்.

கிளமெண்ட் சார் தட்டோடு நின்றார். வைக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. தமிழ்வாணி அவரையே பார்த்தாள். நாலு மாதமாகத் தூண் மறைத்த பலகையின் வலது பாதி அந்த நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. மேடையில் ஏறி மைக்கைத் தட்டினாள்.

"சார், எதிர்த் தரப்பு எங்கன்னு கேட்டீங்க. வந்துருச்சு. ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் எங்க ஊரு. நான் ஊருக்காகப் பேசுறேன். ஆரம்பிக்கலாமா?"

"இது பிராக்டிகல் இல்ல!"

"நீங்கதான சார் எழுதியிருக்கீங்க, செய்முறைன்னு." மரியராஜ் தொடையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார், சோபா முனகியது.

"வச்சுக்கிட்டா ஒங்களுக்கு விசாரணை. திருப்பிக் குடுத்தா எங்க மாமா. மூணாவதா ஒண்ணு இருக்கு சார். லஞ்சம்னா ஒரு பக்கமாப் போறது. செய்முறைன்னா போயிட்டுத் திரும்பி வாரது. எங்க அக்கா மகனுக்குத் தை மாசம் காதுகுத்து. நீங்க வந்து திருப்பிச் செஞ்சிட்டா இது லஞ்சமே இல்ல, மொறை. ஸ்டீவ் அண்ணன் அதையும் வீடியோ எடுக்கட்டும்."

கிளமெண்ட் சார் நாலு பக்கமும் பார்த்தார். வாசலில் கருப்பு, ஜன்னலில் மேளம், முன்னால் செல்போன். "சரி. தபால்ல அனுப்புறேன்."

"நேர்ல."

"ஆபீஸ் பையன்கிட்ட குடுத்து விடுறேன்."

"வாங்குனவுகதான் வரணும் சார். துறை அரங்கத்துல வாங்கியிருக்கீங்க, அதனால துறையே வரணும். எம்.பி.ஏ. மொத்தமும். தட்டுத் தூக்கிக்கிட்டு."

கோட்டுக் கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. சார் காதில் விழவில்லை. பேரம் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் காதில் விழாது. "மேளம் கெடையாது!" என்றார்.

"மேளம் இல்லாம எங்க தெருவுல பால்காரர்தான் சார் வருவாரு. மேளம் உண்டு. ஒங்களுக்காக ஒண்ணு விட்டுத் தாரேன், கிடா வேணாம்."

சார் நிமிர்ந்தார். "ஏன் வேணாம்? எனக்குக் கிடா வாங்க வக்கில்லைன்னு நெனச்சியா? கிடாவோடதான் வருவேன். இதைவிடப் பெருசா!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

மரியராஜ் மதிப்பெண் தாளில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய எண்ணைப் போட்டார். கிளமெண்ட் சாரும் போட வேண்டும். போட்டார்: தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. சிவப்பு மையில், தாள் கிழியும்படி. அந்தக் கிடாவுக்கு மட்டும் ஏசி பிடித்துப்போய், வெளியே வர மறுத்து மேடை ஓரத்தில் படுத்துக்கொண்டது. மறுநாள் ஆன்சிதான் அதை வருகைப் பதிவில் 'சப்ளிமென்ட்' என்று சேர்க்கச் சொன்னாள். சார் அந்த வார்த்தையை அதற்கப்புறம் சொல்லவில்லை.

தை மாதத்தில் திருவாதவூர் அப்படி ஒரு ஊர்வலத்தைக் கண்டதில்லை. வெயிலில் கறுப்புக் கோட்டுகள் இரண்டிரண்டாக வரிசை கட்டி வந்தன. ஸ்டீவின் தலையில் கவிழ்த்த அண்டா. முடி முழுவதும் அதற்குள் போய்விட்டதால் ஆள் பாதியாகத் தெரிந்தான். முன்னால் கிளமெண்ட் சார், பட்டுவேட்டியில், கன்றுக்குட்டி அளவு கிடாவை இழுத்துக்கொண்டு. உண்மையில் அதுதான் அவரை இழுத்து வந்தது. பந்தல் வாசலில் மைக் செட்காரர் தொண்டையைச் செருமினார்: "நாகமலை கிளமெண்டு வகையறா செய்முறை! தட்டு எண்ணி வாங்கிக்கங்கப்பா!"

தமிழ்வாணி சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். ஆன்சி பன்னீர் தெளித்தாள். ஸ்டீவின் கண்ணைக் குறி பார்த்து. பசி காதை அடைக்க, கோட்டுக் கூட்டம் பந்திக்குப் பாய்ந்தது. தமிழ்வாணி கையை நீட்டி மறித்தாள்.

"பிஜி எல்லாம் அந்தப் பக்கம். ரெண்டாவது பந்தி. தூணுக்குப் பின்னாடி நாற்காலி கெடக்கு, பாத்து உக்காருங்க, காலு ஆடும்."

கிளமெண்ட் சார் அவள் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "இத்தோட கணக்குத் தீந்துச்சு. இனிமே ஒன்னையோ ஒன் ஊர்க்காரங்களையோ என் கட்டடத்துப் பக்கம் பாக்கக் கூடாது."

"தீந்துச்சா?" என்றபடி ஒச்சாயி கிடாவை மேலும் கீழும் அளந்துகொண்டே வந்தாள். "எங்க தீந்துச்சு? நாங்க செஞ்சதுக்கு மேல ஒரு படி கூடச் செஞ்சிட்டீகளே சார். இப்பப் பாரம் எங்க பக்கம். ஒங்க துறையில அடுத்த விசேஷம் என்னைக்குன்னு தேதியச் சொல்லுங்க, நாங்க வாரோம். எங்க சின்ன மகளும் வருசம் தாண்டி அங்கதான சேரப் போறா."

சார் வாயைத் திறந்தார். பக்கத்தில் மேளம் ஆரம்பித்துவிட்டதால் அவர் சொன்னது எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை.